பிரிட்டிஷ் வெண்கல நாணயங்களும் தரச்சொற்களின் தமிழாக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

நாணயத்தையும் சொல்லையும் ஒப்பிட்டு நோக்குவது மொழியியலாருக்குப் புதியதன்று. 1916இல் வெளிவந்த பொது மொழியியல் பாடங்களில் சசூர், மொழிக்குறியின் மதிப்பினை விளக்க ஐந்து பிராங்கு நாணயத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டார். அந்நாணயத்தைக் கொடுத்து எதனைப் பெறலாம் என்பதும், அதே முறைமையிலுள்ள பிற நாணயங்களோடு அது எவ்வாறு தொடர்புறுகிறது என்பதும் தெரிந்தாலன்றி அதன் மதிப்பு விளங்காது என்பது அவர் கருத்து. தமிழிலும் புழக்கம் என்னும் சொல் காசுக்கும் சொல்லுக்கும் பொதுவாக வழங்கி வருகின்றது.

இவ்வொப்புமையின் மறுபக்கம் அவ்வளவாக ஆராயப்படவில்லை. நாணயத்தைக் கொண்டு சொல்லை விளக்கியோர் பலர். நாணயத்தைப் பற்றிய சொற்கள் எவ்வாறு இயங்குகின்றன என நோக்கியோர் சிலரே. 1860 முதல் 1971 வரை பிரிட்டனில் வழங்கிய வெண்கல நாணயங்களை இதற்கு ஒரு களமாகக் கொண்டு, அவற்றின் வரலாறு, தரம் பிரிக்கும் முறை, பாதுகாக்கும் முறை ஆகியவற்றில் வழங்கும் சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்துறைச் சொற்களைத் தமிழாக்குவதில் நேரும் பிழை ஏட்டளவில் நிற்பதில்லை. அது வாங்குவோரை ஏமாற்றும். சில வேளைகளில் நாணயத்தையே அழித்துவிடும்.

2. உலோகத்தின் பெயர்

1860க்கு முன் பிரிட்டனின் சிறு நாணயங்கள் செம்பினால் ஆனவை. ஒரு பவுண்டு எடைச் செம்பிலிருந்து 24 பென்னிகள் அடிக்கப்பட்டன. அவை கனமானவை, எளிதில் தேய்பவை. 1852இல் பிரான்சு தன் செப்பு நாணயங்களை வெண்கலமாக மாற்றத் தொடங்கியது. 1860இல் பிரிட்டனும் அதே கலவையை ஏற்றது. செம்பு 95 விழுக்காடு, வெள்ளீயம் 4 விழுக்காடு, துத்தநாகம் 1 விழுக்காடு என்பது அக்கலவை. ஒரு பவுண்டு வெண்கலத்திலிருந்து 48 பென்னிகளோ, 80 அரைப் பென்னிகளோ, 160 பார்த்திங்குகளோ அடிக்கப்பட்டன. ஆதலின் பென்னியின் எடை 9.45 கிராமாகக் குறைந்தது. இக்கலவை 1923இலும், வெள்ளீயத் தட்டுப்பாட்டினால் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் மாற்றம் பெற்றது. எனினும் செம்பின் அளவு ஒருபோதும் 95 விழுக்காட்டிற்குக் கீழே செல்லவில்லை.

உலோகம் மாறியும் பெயர் மாறவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. ஆங்கிலேயர் இந்நாணயங்களைப் பேச்சுவழக்கில் தொடர்ந்து ‘காப்பர்’ என்றே அழைத்தனர். அச்சாலைக்கு வெண்கலமாக இருந்தது தெருவில் செம்பாகவே வழங்கியது.

தமிழில் இச்சிக்கல் வேறு வகையில் எழுகின்றது. நம் வழக்கில் வெண்கலம் என்பது வெள்ளீயம் மிகுதியாகக் கலந்த உலோகம். வெண்கலப் பானையும் மணியும் தட்டினால் ஒலிக்கும். கீழே விழுந்தால் உடையும். அதன் நிற வெளிறலே பெயரின் முன்னடையாக அமைந்துள்ளது. நான்கு விழுக்காடு வெள்ளீயம் மட்டுமே கொண்ட பென்னியோ பார்வைக்கும் தொடுகைக்கும் செம்பு போன்றதே. ஆங்கில நூல்கள் வெண்கலப் படிமங்கள் எனக் குறிக்கும் சோழர் காலப் படைப்புகளைத் தமிழ் ‘செப்புத் திருமேனிகள்’ என்றே வழங்குவதை இங்கு ஒப்பிடலாம். கலவையின் பெயரை விடுத்து அதில் மேலோங்கிய உலோகத்தின் பெயரால் சுட்டுதல் இரு மொழிக்கும் பொதுவான இயல்பு எனத் தெரிகிறது. எனவே ‘வெண்கல நாணயம்’ என்னும் தொடரைக் கலைச்சொல்லாகக் கொள்ளலாம் எனினும், முதன்முறை வருமிடத்தில் கலவையின் அளவைச் சுட்டுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.

நாணயங்களின் பெயர்களும் கருதத்தக்கன. பார்த்திங் என்பது ‘நான்கிலொன்று’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு; நம் ‘கால்’ போன்றது. பென்னி என்பதற்கு ஆங்கிலத்தில் இரு பன்மைகள் உள்ளன. தொகையைக் குறிக்குமிடத்துப் ‘பென்ஸ்’. தனித்தனி நாணயங்களை எண்ணுமிடத்துப் ‘பென்னிகள்’. ஆறு பென்ஸ் என்பது ஒரே வெள்ளி நாணயமாகவும் இருக்கலாம். ஆறு பென்னிகள் என்பதோ ஆறு வெண்கல நாணயங்களே. தமிழில் இரண்டையும் ‘ஆறு பென்னி’ எனப் பெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ‘ஆறு பென்னித் தொகை’, ‘ஆறு பென்னி நாணயங்கள்’ எனப் பிரித்துரைத்தல் தகும்.

3. சுற்றெழுத்தின் வரலாறு

1860இல் வெளியான பென்னியின் முகப்பை லியனார்டு சார்லஸ் வயன் வடித்தார். அரசியின் பெயரையடுத்து ‘டி.ஜி., பிரிட்ட்., ரெக்., எப்.டி.’ என இலத்தீன் குறுக்கங்கள் பொறிக்கப்பட்டன. ‘இறையருளால் பிரிட்டன்களின் அரசி, சமயக் காவலர்’ என்பது பொருள். ‘பிரிட்ட்’ என்பதில் ‘ட்’ ஒலிக்குரிய எழுத்து இரட்டித்திருப்பது எழுத்துப்பிழை போலத் தோன்றும். உண்மையில் அது பன்மைக் குறியீடு. இலத்தீன் கல்வெட்டு மரபில் குறுக்கத்தின் ஈற்றெழுத்தை இரட்டித்தால் பன்மை என்பது விதி. உருபு வெட்டுண்டபின் அதன் பொருளை இரட்டித்த மெய்யெழுத்து தாங்கி நிற்பதை உருபனியல் பயில்வோர் கருத்திற் கொள்ளலாம்.

இந்திய வரலாற்றோடு நேரடித் தொடர்புடையது வேறொரு குறுக்கம். 1876ஆம் ஆண்டின் சட்டத்தினால் விக்டோரியா இந்தியப் பேரரசி என்னும் பட்டம் பெற்றார். ஆயினும் பிரிட்டனின் வெண்கல நாணயங்களில் அப்பட்டம் உடனே இடம்பெறவில்லை. தாமஸ் பிராக் வடித்த முக்காடிட்ட உருவத்தோடு 1895இல் வெளியான நாணயங்களில்தான் ‘இண்ட். இம்ப்.’ என்னும் குறுக்கம் வருகின்றது. அது ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ஆகியோர் நாணயங்களிலும் தொடர்ந்தது. 1947இல் இந்தியா விடுதலை பெற்ற பின்னும் 1948 எனப் பொறித்த பென்னியில் அக்குறுக்கம் உள்ளது. 1949இன் பென்னியில் இல்லை. அதன் இடத்தில் முன்னர்க் குறுகியிருந்த சமயக் காவலர் பட்டம் விரித்தெழுதப்பட்டது. இவ்விரு ஆண்டுகளின் நாணயங்களை அருகருகே வைத்து நோக்குவோர், ஒரு பேரரசு தன் பெயரிலிருந்து நம் நாட்டின் பெயரை நீக்கிய இடத்தைக் கண்ணாற் காணலாம். விலை மலிந்த நாணயங்களாதலின் சேகரிப்போர் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. வரலாற்று ஆவணம் என்ற நிலையில் இவற்றின் மதிப்பு அரிய நாணயங்களுக்குக் குறைந்ததன்று.

4. வகைப்பெயர்கள்

சேகரிப்போர் தம் தேவைக்கேற்ப வகைப்பெயர்கள் பலவற்றைப் படைத்துக் கொண்டனர். 1860 முதல் 1894 வரையிலான பென்னி, ‘பன்’ எனப்படும் கூந்தல் முடிப்பால் பெயர் பெற்றது. இதனைப் ‘பன் பென்னி’ என ஒலிபெயர்த்தால் தமிழ் வாசகருக்குத் தேநீர்க்கடைப் பண்டமே நினைவுக்கு வரும். ‘கொண்டைப் பென்னி’ என்பது பொருளும் எளிமையும் உடையது. அதுபோல் 1895 முதல் 1901 வரையிலானதை ‘முக்காட்டுப் பென்னி’ எனலாம். 1860இன் நாணயங்களில் விளிம்பு இரு வகைப்படும். ஒன்று மணிகளைக் கோத்தாற் போன்றது. மற்றொன்று பற்களை அடுக்கினாற் போன்றது. இவற்றை மணிவிளிம்பு, பல்விளிம்பு எனல் பொருந்தும். முகப்பும் பின்புறமும் நம் சிறுவர் வழக்கில் ‘தலை’, ‘பூ’ என உள்ளன. பென்னியின் ‘பூ’ப் பக்கத்தில் பிரிட்டானியா என்னும் பெண்ணுருவம் திரிசூலமும் கேடயமும் ஏந்தி அமர்ந்துள்ளமையால், ஆய்வெழுத்தில் ‘பின்புறம்’ என்பதே ஏற்றது.

அச்சாலைக் குறிகள் மற்றொரு வகை. பர்மிங்காமிலிருந்த ஹீட்டன் நிறுவனம் 1874, 1875, 1876, 1881, 1882 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 1912, 1918, 1919 ஆகிய ஆண்டுகளிலும் அடித்த பென்னிகளில் ‘எச்’ என்னும் எழுத்து உண்டு. 1918, 1919 ஆண்டுகளில் கிங்ஸ் நார்ட்டன் நிறுவனம் அடித்தவற்றில் ‘கே.என்.’ என்னும் எழுத்துகள் உள்ளன. 1882இன் பென்னிகளில் ‘எச்’ இல்லாதவை மிக அரியன. தேய்ந்த நாணயத்தில் அவ்வெழுத்து தேய்ந்து மறைந்திருக்கவும் கூடும். வேண்டுமென்றே சுரண்டப்பட்டிருக்கவும் கூடும். ஒரு குறியின் இன்மையே பொருள் தரும் இடத்தில், இன்மை இயல்பானதா ஆக்கப்பட்டதா எனத் துணிவதே முதற்பணி. சுழி உருபனை நிறுவுவோர் மேற்கொள்ளும் எச்சரிக்கை இங்கும் வேண்டப்படுகின்றது.

பெக் என்பார் 1960இல் வெளியிட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பட்டியலும், பிரீமன் என்பார் 1970இல் வெளியிட்ட வெண்கல நாணய நூலும் இவ்வகைகளை முறைப்படுத்தின. பிரீமன் முகப்பு அச்சுகளுக்கு எண்ணும், பின்புற அச்சுகளுக்கு எழுத்தும் தந்து, அவற்றின் இணைவுகளால் ஒவ்வொரு வகையையும் குறித்தார். வழக்குப் பெயர்கள் இடத்துக்கிடம் வேறுபட, இக்குறியீடு எம்மொழியிலும் மாறாது நிற்கின்றது.

5. தரச்சொற்கள்

இக்கட்டுரையின் மையச் சிக்கல் தரச்சொற்களே. பிரிட்டனில் வழங்கும் தரவரிசை கீழிருந்து மேலாகப் புவர், பேர், பைன், வெரி பைன், எக்ஸ்ட்ரீம்லி பைன், அன்சர்குலேட்டட் என அமையும். அனைத்திற்கும் மேலாகப் பிரெஞ்சுத் தொடரான ‘பிளர் தெ குவான்’ வைக்கப்படும்.

அகராதிப் பொருளை நோக்கின் ‘பேர்’ என்பது ஏற்கத்தக்கது. ‘பைன்’ என்பது நேர்த்தியானது. ஆனால் தரவரிசையில் ‘பேர்’ எனப்படும் நாணயத்தில் உருவத்தின் புறக்கோடு மட்டுமே எஞ்சியிருக்கும். ‘பைன்’ எனப்படுவதோ நெடுங்காலம் கைம்மாறிப் பெரிதும் தேய்ந்தது. கொண்டைப் பென்னியாயின் கூந்தல் இழைகளிற் பெரும்பகுதி ஒன்றாகிவிட்டிருக்கும். இதனை ‘நேர்த்தியான நாணயம்’ எனப் பெயர்த்தால் சொல் சரி, பொருள் பிழை. புகழ்ச்சிச் சொற்கள் வணிகத்தில் நாளடைவில் மதிப்பிழந்து கீழிறங்கியுள்ளன. அவற்றின் பொருளை அகராதி தருவதில்லை. வரிசையில் அவை நிற்கும் இடமே தருகின்றது. சசூர் கூறிய மதிப்பு என்னும் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

அட்லாண்டிக்கின் இருகரையிலும் ஒரே சொல் வேறு பொருள் தருவது சிக்கலை மேலும் வளர்க்கிறது. பிரிட்டனில் ‘குட்’ என்பது அடைமொழி. ‘குட் பைன்’ என்றால் ‘பைன்’ நிலைக்குச் சற்று மேற்பட்டது. அமெரிக்காவில் ‘குட்’ என்பதே தனியொரு தரம். அது ‘பைன்’ நிலைக்கு இரண்டு படி கீழே உள்ளது. 1949இல் ஷெல்டன் என்பார் அமெரிக்கச் செப்பு நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையிலான எண்முறையை வகுத்தார். இன்று வழங்கும் வடிவில் அம்முறையில் ‘குட்’ 4 ஆகவும், ‘வெரி குட்’ 8 ஆகவும், ‘பைன்’ 12 ஆகவும் நிற்கின்றன. பிரிட்டிஷ் பட்டியலில் வரும் ‘குட்’ என்பதை அமெரிக்க அகராதி கொண்டு பெயர்ப்பவர், உயர்த்திக் கூறியதைத் தாழ்த்திக் கூறியவராவார்.

எனவே தமிழில் புகழ்ச்சிச் சொற்களை விடுத்துத் தேய்வின் அளவையே பெயராகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. ‘புவர்’ முழுத்தேய்வு, ‘பேர்’ மிகுதேய்வு, ‘பைன்’ நடுத்தேய்வு, ‘வெரி பைன்’ குறைதேய்வு, ‘எக்ஸ்ட்ரீம்லி பைன்’ நுண்தேய்வு, ‘அன்சர்குலேட்டட்’ புழங்கா நிலை என அமையும். அடைமொழிகளை ‘நடுத்தேய்வு மேல்நிலை’, ‘நடுத்தேய்வு கீழ்நிலை’ எனக் குறிக்கலாம். இச்சொற்கள் நாணயத்தைப் புகழ்வதில்லை. அதில் என்ன எஞ்சியுள்ளது என்பதை மட்டுமே கூறுகின்றன.

‘பிளர் தெ குவான்’ என்பதைப் ‘நாணய மலர்’ என்று பெயர்ப்பது எளிதில் நேரக்கூடிய தவறு. பிரெஞ்சில் ‘குவான்’ என்பது நாணயமன்று. நாணயத்தை அடிக்கும் அச்சு. ‘ஆப்பு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலமோ அச்சின் பெயரைக் கடன் பெற்று, அச்சினால் ஆகிய பொருளுக்கு வழங்கிவிட்டது. இத்தகைய பொருள்மாற்றம் தமிழுக்கும் உரியதே. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் ‘அச்சு’ என்பது ஒரு நாணயத்தின் பெயராகவே பயில்கிறது. ஆகவே மேற்படி தொடரை ‘அச்சுமலர்’ எனப் பெயர்ப்பது பிரெஞ்சு மூலத்துக்கும் தமிழ் மரபுக்கும் ஒருங்கே இயைகின்றது.

தேய்வை மதிப்பிடுவதற்கு அது எங்கே முதலில் தோன்றும் என அறிதல் வேண்டும். கொண்டைப் பென்னியில் காதுக்கு மேலுள்ள கூந்தலும், பிரிட்டானியாவின் முழங்காலும் கேடயமும் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜின் பென்னியிலோ ஓர் இடர்ப்பாடு உண்டு. முகப்பிலுள்ள அரசரின் தலை மிகப் புடைப்பாக அமைந்தமையால் உலோகம் அப்பக்கம் ஈர்க்கப்பட்டு, பின்புறத்தில் பிரிட்டானியாவின் உருவம் மங்கலாக விழுந்தது; தலையின் நிழல்வடிவும் தோன்றியது. இக்குறையை நீக்க 1926இல் உருவம் திருத்தப்பட்டது. 1928இல் தலை சிறிதாக்கப்பட்டது. முந்தைய ஆண்டுகளின் நாணயத்தில் காணும் மங்கல் தேய்வன்று, பிறவிக்குறை. இரண்டையும் வேறுபடுத்தாது ‘மங்கியது’ என ஒரே சொல்லால் எழுதும் விவரிப்பு வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

6. ஒளியும் களிம்பும்

புதிதாக அடித்த நாணயத்தின் மேல் ஓர் ஒளி தவழும். அச்சின் அழுத்தத்தால் உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நகரும்போது உண்டாகும் நுண்வரிகள் ஒளியைச் சிதறடிப்பதே இதற்குக் காரணம். ஆங்கிலத்தில் ‘லஸ்டர்’ எனப்படும் இதனைத் தமிழில் ‘பளபளப்பு’ எனப் பெயர்த்தல் இயல்பே. ஆனால் இம்மொழிபெயர்ப்புத்தான் பெருங்கேடு விளைப்பது. நம் வீடுகளில் பளபளப்பு என்பது புளியிட்டுத் தேய்த்துப் பெறுவது. பளபளப்புள்ள நாணயத்துக்கு விலை மிகுதி எனப் படித்தவர் பழைய பென்னியைப் புளியிட்டுத் தேய்க்கக் கூடும். செம்பு ஒளிரும், ஆனால் புளியின் அமிலம் மேற்பரப்பை அரித்திருக்கும், நுண்வரிகள் அழிந்திருக்கும், நூறாண்டு கொண்டு உருவான பழுப்புப் படலமும் நீங்கியிருக்கும். அப்படலம் வெறும் அழுக்கன்று. கீழுள்ள உலோகத்தைக் காப்பது. இழந்த மேற்பரப்பை எவ்வகையாலும் மீட்க இயலாது. எனவே அச்சினால் விளைந்த ஒளியை ‘அச்சொளி’ எனவும், தேய்த்துப் பெறுவதைப் ‘பளபளப்பு’ எனவும் பிரித்து வழங்குதல் இன்றியமையாதது. பழுப்புப் படலத்தைக் ‘காலப்படலம்’ எனலாம்.

எல்லாக் கருமையும் காலத்தால் வந்ததன்று என்பதும் அறியத்தக்கது. புதிய பார்த்திங் நிறத்திலும் அளவிலும் அரைச் சவரனை ஒத்திருந்தமையால், பொன்னெனக் கொடுத்து ஏமாற்றுவதைத் தடுக்க 1897 முதல் அச்சாலையே அதனைக் கருமையாக்கி வெளியிட்டது. முதல் உலகப் போரின் இறுதிக்காலம் வரை இம்முறை தொடர்ந்தது. இதனை அறியாதார் அக்கருமையை அழுக்கெனக் கருதித் தேய்த்துவிடுவர்.

காலப்படலத்தினின்று முற்றிலும் வேறுபட்டது களிம்பு. செம்பில் பற்றிய களிம்பைச் சைவ சித்தாந்த நூல்கள் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமையாக ஆளும். செம்பு உள்ளவரை உடனிருந்து மறைப்பது என்பது அதன் கருத்து. இன்றைய வேதியியலும் இவ்வவதானிப்பின் ஒரு கூற்றை உறுதி செய்கிறது. வெண்கலத்திலுள்ள குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து வெளிர்பச்சைத் தூளாகவும் அமிலமாகவும் மாறுகிறது. அவ்வமிலம் மேலும் செம்பைத் தாக்கி மீண்டும் குளோரைடை உண்டாக்குகிறது. ஈரம் உள்ளவரை இச்சுழற்சி ஓய்வதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ‘வெண்கல நோய்’ என்று பெயர். களிம்பு என்பது இன்று மருந்துப் பூச்சையும் குறிப்பதால், ஐயம் நேருமிடத்தில் ‘செம்புக் களிம்பு’ எனல் நன்று.

பாதுகாப்பு முறைகள் இவ்வேறுபாட்டின் அடிப்படையிலேயே அமைந்துள்ளன. நாணயத்தை விளிம்பிற் பிடித்தல் வேண்டும்; விரலின் வியர்வையிலுள்ள உப்பு சில நாட்களில் ரேகையாகப் பதியும். மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் நெகிழியாக்கியைக் கசிந்து பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றாலான உறைகளும் அமிலமற்ற தாளும் தீங்கற்றவை. மரப்பேழையாயின் மகோகனி பழைய வழக்கு. ஓக் மரம் அமில ஆவியை வெளியிடுவதால் விலக்கத்தக்கது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டை ஒட்டி இருப்பின் வெண்கல நோய் அடங்கியிருக்கும். நம் கடற்கரை நகரங்களில் ஈரப்பதம் இதற்கு நெடுந்தொலைவு மேற்பட்டது. ஆதலின் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைத்தலும், அதனை அவ்வப்போது உலர்த்தி மாற்றுதலும் தேவையாகின்றன. ஆங்கில நூலில் ‘உலர்ந்த அறையில் வைக்க’ என வரும் அறிவுரையை அவ்வாறே பெயர்த்தமைவது தமிழ் வாசகருக்குப் போதாது.

7. முடிவுரை

1960இன் இறுதியில் பார்த்திங்கும், 1969 ஆகஸ்டில் அரைப் பென்னியும், 1971 ஆகஸ்டில் பென்னியும் சட்டச் செல்லுபடியை இழந்தன. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் விக்டோரியாவின் கொண்டைப் பென்னி கடைவீதியில் சில்லறையாகக் கிடைத்து வந்தது. நூறாண்டு புழங்கித் தேய்ந்து, முகமே இழந்த நாணயங்களும் அவற்றுள் இருந்தன. புழக்கம் நின்ற நாளில்தான் அவை சேகரிப்புப் பொருளாயின.

இவ்வாய்வினின்று மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. தரச்சொல்லின் பொருள் வரிசையில் அதன் இடத்தால் அமைவது. ஆதலின் தனிச்சொல்லாகப் பெயர்க்காமல் வரிசை முழுவதையும் ஒருங்கே பெயர்த்தல் வேண்டும். ஒரே சொல் இரு நாடுகளில் வேறு வரிசைகளைச் சேர்ந்திருக்கலாம். ஆதலின் மூலநூல் எந்நாட்டு வழக்கினது என முதலில் துணிதல் வேண்டும். பெறுமொழியின் வீட்டுவழக்கு ஒரு கலைச்சொல்லுக்குத் தீங்கான செயற்பொருளை ஏற்றிவிடக்கூடும்; ஆதலின் சொல்லைப் படித்தவர் அடுத்து என்ன செய்வார் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். கவிதையைப் பிழையாகப் பெயர்த்தால் மற்றொருவர் மீண்டும் பெயர்க்கலாம். மூலம் அவ்வாறே இருக்கும். பிழையான சொல்லை நம்பித் தேய்க்கப்பட்ட நாணயத்துக்கு அத்தகைய மறுவாய்ப்பு இல்லை.